1848 என்று உள்ளேயே போட்டிருக்கிறதே!

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதமும் நான்கு புகைப்படங்களும் அனுப்பியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டுச் சொன்னால் விஷயம் இதுதான்.

அவருக்கு வயது 61. அவருடைய அப்பா பாலார்டு எஸ்டேட்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தவர். 1958-இல் மானேஜர் துரை சீமைக்குத் திரும்பியபோது, தன் மேசைமேல் இருந்த கண்ணாடி பேப்பர் வெயிட்டை எடுத்து, "இது நம் கம்பெனியைவிட வயதானது" என்று சொல்லி அப்பாவின் கையில் கொடுத்தாராம். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் 'துரை குண்டு'. மின்சார பில், பால் கணக்கு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதன் கீழேதான். அப்பா போன வருடம் காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். உயில் எதுவும் இல்லை. கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போவதால் இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சாமான்களைப் பிரித்து அடுக்கும்போது பேரன் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்து, உள்ளே பூக்களின் வரிசையில் 1848 என்று எண்கள் இருப்பதைக் கண்டுபிடித்தான்.

தொல்லை அங்கே ஆரம்பித்தது. போனில் படம் போட்டுத் தேடினால் 'பக்காரா, பிரான்ஸ்' என்று வருகிறது, விலை லட்சத்தில் பேசுகிறது. பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில், மட்டன் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் குண்டை இரண்டு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு, "பிரெஞ்சு இல்லை, இங்கிலீஷ் மால் (சரக்கு)" என்று சொல்லி 12,000 ரூபாய் தருகிறேன் என்றார். நியூஜெர்சியில் இருக்கும் அண்ணா, "விற்காதே. டிசம்பரில் வரும்போது பெட்டியில் போட்டு எடுத்துப் போகிறேன், இத்துனூண்டு சாமானை யார் கேட்கப்போகிறார்கள்" என்கிறார். சம்பந்தி அம்மாளோ, லென்ஸ் தேய்ப்பவரிடம் கொடுத்து மேலே உள்ள கீறல்களை எடுத்துவிட்டால் விலை ஏறும் என்று யோசனை சொல்லியிருக்கிறார்.

"இதைச் செய்தது யார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். கடைக்காரர் என்னை ஏமாற்றப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். தேதியே உள்ளே இருக்கிறது, அப்புறம் என்ன சந்தேகம்?" என்று கடிதம் முடிகிறது.

அன்புச் சகோதரி,

சந்தேகமே அந்தத் தேதியில்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் நான் நம்பியவை நிறைய. அப்பாவின் கதையை நம்பினேன். நீங்கள் எடுத்த அளவுகளை நம்பினேன். அந்தக் கடைக்காரர் சொன்னதைக்கூட நம்பினேன். நம்பாமல் தள்ளிவைத்தது 1848 என்ற அந்த நான்கு எண்களை மட்டும்தான். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

முதலில், 1848 என்ற ஆண்டுக்கு ஏன் இவ்வளவு மவுசு? கண்ணாடிக்குள் பூ வைத்த பேப்பர் வெயிட் ஐரோப்பாவில் பரவியது 1840-களின் நடுவில். 1845-இல் வியன்னாவில் நடந்த தொழிற்கண்காட்சியில் வெனிஸ் நகரத்து பியெத்ரோ பிகாலியா இப்படிப்பட்ட உருண்டைகளை வைத்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த பிரெஞ்சு நிபுணர் ஒருவர் தன் ஊர்த் தொழிற்சாலைகளுக்கு விவரமாக எழுதிப்போட்டார். உடனே பிரான்சில் பக்காரா, சேன் லூயி, கிளிஷி என்ற மூன்று தொழிற்சாலைகளும் போட்டி போட்டுக்கொண்டு இறங்கின. பத்துப் பதினைந்து வருடம் கொடிகட்டிப் பறந்து, பிறகு மோகம் அடங்கிவிட்டது. சேகரிப்பவர்கள் உயிரை விடுவது இந்தக் குறுகிய காலத்துச் சரக்குக்குத்தான். பக்காரா 1846 முதல் 1849 வரை தன் உருண்டைகள் சிலவற்றில் ஆண்டைப் பதித்தது. அதில் அதிகம் கிடைப்பது 1848. அதனால் '1848' என்று தேடினால் போன் நேரே பக்காராவைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. போனைக் குற்றம் சொல்ல முடியாது. அது பார்த்தது படத்தை மட்டும்தானே.

அந்தப் பூக்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் மீதி சுலபம். இத்தாலியில் இதற்கு மில்லிஃபியோரி, 'ஆயிரம் பூ' என்று பெயர். வெண்டைக்காயை நறுக்கும்போது எந்த இடத்தில் வெட்டினாலும் அதே நட்சத்திரம் தெரிகிறதல்லவா, அதே சங்கதி. நிறக் கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சில் வைத்து, உருகிய நிலையிலேயே கயிறு போல நீளமாக இழுத்துவிடுவார்கள். கைப்பருமனில் இருந்தது பென்சில் பருமனாகிவிடும், உள்ளே இருக்கும் வடிவம் சிறுத்துக்கொண்டே வந்தாலும் கலையாது. ஆறியதும் சின்னச் சின்ன வில்லைகளாக நறுக்கி, கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல இரும்பு வட்டில் அடுக்கிச் சூடேற்றி, இரும்புத் தண்டின் நுனியில் எடுத்த உருகிய கண்ணாடியால் அவற்றை ஒற்றி எடுத்து, அதன்மேல் தெளிந்த கண்ணாடியை ஏற்றி உருட்டினால் குண்டு. எண்களும் இப்படி நறுக்கிய வில்லைகள்தான். ஆகவே '1' '8' '4' '8' என்ற தண்டுகளை எந்த வருடத்திலும் எவரும் இழுக்கலாம், எவரும் அடுக்கலாம். தேதி என்பது அரசாங்க முத்திரை இல்லை. அதுவும் ஒரு பூ.

படங்களில் நான் பார்த்தது

உங்கள் குண்டில் நடுவில் ஒரு பூ, அதைச் சுற்றி ஐந்து வளையங்கள். வெளிறிய ரோஜா நிறம், வெள்ளை, நீலம். பூக்கள் நெருக்கமாக, ஒழுங்காக நிற்கின்றன. எண்கள் ஒரு வளையத்தில் அடுத்தடுத்து நான்கு வில்லைகளாக இருக்கின்றன. பக்காரா தேதி போட்டபோது, பெரும்பாலும் எண்களுக்கு மேலே 'பி' என்ற எழுத்தையும் வைத்தது. எண்கள் ஒவ்வொன்றும் வெள்ளைத் தண்டில் சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மாறி வரும். அதைப் பூக்கள் இடைவெளியின்றி நெருக்கிய உருண்டையிலோ, கம்பளம் விரித்தது போன்ற தரையின் மேலோ ஒரு பக்கமாகச் செருகுவார்கள். கூடவே குதிரை, நாய், சேவல் என்று குட்டி நிழலுருவங்களும் வரலாம். பக்காரா மேலாளரின் மருமகப் பையன் எமில் கிரிதெல் காகிதத்தில் கத்தரித்த உருவங்களைப் பார்த்து அவற்றைச் செய்தார்கள் என்பது அந்தத் தொழிற்சாலையின் செல்லக் கதை. உங்களுடையதில் 'பி' இல்லை, மிருகம் இல்லை, வட்ட வளைய அடுக்கு, நிறமும் வேறு குடும்பம்.

சேன் லூயி என்றால் 'எஸ்.எல்.' எழுத்துகளைத் தேடலாம். கிளிஷிக்கு 'சி' எழுத்தும், சின்ன ரோஜாவும் பேர்போனவை. ஆனால் ரோஜா இருந்தாலே கிளிஷி என்று சொல்லிவிட முடியாது, மற்றவர்களும் ரோஜாத் தண்டு இழுத்திருக்கிறார்கள். 'கையெழுத்து இல்லாததால் மட்டமான சரக்காக இருக்குமோ' என்று ஓரிடத்தில் பயந்திருக்கிறீர்கள். அந்தப் பயம் வேண்டாம். பழைய உருண்டைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கையெழுத்தே கிடையாது. உள்ளே இருக்கும் ஒரு குமிழியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். குமிழி இருந்தால் பழையது என்றும் இல்லை, போலி என்றும் இல்லை. செய்யும்போது மாட்டிக்கொண்ட காற்று, அவ்வளவுதான்.

அடிப்பக்கப் படம் நன்றாக வந்திருக்கிறது. இரும்புத் தண்டிலிருந்து உடைத்தெடுத்த தழும்பைத் தேய்த்துக் குழிவாக்கியிருக்கிறார்கள், ஓரத்தில் மட்டும் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடுகின்றன. இது மேசையில் நிஜமாகவே உட்கார்ந்து எழுந்த பொருளின் தேய்மானம். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியிருந்தால் கீறல்கள் ஒரே திசையில் வரிவரியாகப் போகும். ஆனால் இதை வைத்து 1848 என்று சொல்ல முடியாது. 1958-க்குப் பிறகு உங்கள் வீட்டில் பால் கணக்கின் மேல் உட்கார்ந்து எழுந்ததே இந்தத் தேய்மானத்துக்குப் போதும்!

சமையலறைத் தராசு சொல்வது

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. படம் பொய் சொல்லும், தேதி பொய் சொல்லும், கண்ணாடியின் அடர்த்தி சொல்லாது. பக்காரா, சேன் லூயி இரண்டும் ஈயம் கலந்த கனமான கண்ணாடி. ஒரு கன சென்டிமீட்டர் 3 கிராமுக்கு மேல் இருக்கும். கிளிஷியின் கண்ணாடி இதைவிடத் தெளிவாக லேசு, 3-க்குக் கீழே. சாதாரண சோடாக் கண்ணாடி, அதாவது வெனிஸ் பக்கத்து முரானோ தீவில் சுற்றுலாப் பயணிகளுக்குச் செய்வது, சீனாவில் 1930-களிலிருந்து வந்த நகல்கள், ஏறக்குறைய 2.5.

நீங்கள் அகலம் 7.6 செ.மீ., உயரம் 5.6 செ.மீ., எடை 585 கிராம் என்று எழுதியிருந்தீர்கள். (இப்படி அளந்து எழுதுபவர்கள் நூற்றில் ஒருவர். ஸ்டெனோவின் மகள் அல்லவா!) அடிப்பக்கம் சீவிய பந்து என்று வைத்துக் கணக்குப் போட்டால் கொள்ளளவு சுமார் 190 கன செ.மீ. வருகிறது. 585-ஐ 190-ஆல் வகுத்தால் 3.08. தோராயம்தான், ஆனால் சீனா, முரானோ, கிளிஷி மூன்றும் அடிபட்டுப் போகும் அளவுக்குத் தெளிவான தோராயம்.

இதை நீங்களே துல்லியமாகப் பார்த்துவிடலாம். குண்டு சுலபமாக முழுகும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரை எடுத்துத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். குண்டை வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு, மேலே கயிற்றில் பிடித்து, தண்ணீருக்குள் முழுக இறக்குங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. அப்போது தராசு காட்டும் கிராம்தான் குண்டின் கொள்ளளவு. குண்டின் எடையை அந்த எண்ணால் வகுத்துவிடுங்கள். 185-லிருந்து 195-க்குள் வந்தால் என் கணக்கு சரி. மேடைமேல் துண்டு ஒன்றை விரித்துவிட்டுச் செய்யுங்கள். சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம். கெட்டியான கண்ணாடியின் வெளிப்புறம் திடீரென்று சூடானால் உள்ளே விரிசல் ஓடிவிடும்.

ரூபாய் நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை அடித்தால் தொழிற்சாலை தெரிந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். துணைச்சாட்சியாக உதவும், தீர்ப்புச் சொல்லாது. அதற்காக ஒன்று வாங்க வேண்டாம்.

அப்படியானால் யார்?

ஈயக் கண்ணாடி. வட்ட வளையங்கள். வெளிறிய நிறங்கள். 'பி' இல்லாத 1848. வெள்ளைக்கார மானேஜரின் மேசை. இந்த ஐந்தையும் கூட்டினால் என் விரல் பிரான்சைக் காட்டவில்லை, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைக் காட்டுகிறது. இப்படி 1848 பதித்த பேப்பர் வெயிட்டுகளும், அதே பூவேலை செய்த மைக்கூடுகளும் இங்கிலாந்தில் நிறையவே உண்டு. வெகுகாலம் இவற்றை லண்டன் வைட்ஃப்ரையர்ஸ் தொழிற்சாலை 1848-இல் செய்தது என்றே எல்லோரும் நம்பினார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்ததில், இவை 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், பெரும்பாலும் 1920-களிலும் 30-களிலும், பர்மிங்ஹாமில் அர்குலஸ், ஜான் வால்ஷ் வால்ஷ் என்ற தொழிற்சாலைகளில் செய்யப்பட்டவை என்று தெரியவந்தது. வால்ஷ் வால்ஷ் 1951-இல் மூடப்பட்டுவிட்டது.

இதில் என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழம்பொருள் மதிப்பிடும் தொழிலுக்கு வந்த புதிதில், தாதரில் ஒரு பார்சிக் குடும்பத்தின் காப்பீட்டுப் பட்டியலில் இதே மாதிரி ஒரு குண்டை 'வைட்ஃப்ரையர்ஸ், 1848' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னிடம் இருந்த பழைய புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. இரண்டு வருடம் கழித்து உண்மை தெரிந்து, நானே போய்த் திருத்திக் கொடுத்தேன். அந்த வீட்டுப் பாட்டி சிரித்துக்கொண்டே டீ கொடுத்தார். காப்பீட்டுக்காரர்தான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எந்த உருண்டையில் தேதியைப் பார்த்தாலும் முதலில் அதைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றதைப் பார்ப்பது என் வழக்கம்.

'பர்மிங்ஹாம் என்றால் 1848-இலேயே செய்தவர் யாரும் இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். இருந்தார்கள். ஜார்ஜ் பாக்கஸ் அண்ட் சன்ஸ் அந்தக் காலத்திலேயே அங்கே அருமையான உருண்டைகள் செய்தது, வெளிறிய நிறங்கள் அவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் பாக்கஸ் தன் உருண்டைகளில் பெயரும் போடவில்லை, தேதியும் போடவில்லை. அதாவது, தேதி இல்லாமல் இருந்திருந்தால் உங்கள் குண்டு 1848-ஐச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்!

அப்பாவின் கதைக்கு வருகிறேன். அதை வெறும் குடும்பப் பெருமை என்று ஒதுக்காதீர்கள். செய்தது யார் என்று அந்தக் கதைக்குத் தெரியாது. ஆனால் 1958-க்குப் பிறகு செய்தது இல்லை என்று அது அடித்துச் சொல்கிறது. ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பேப்பர் வெயிட்ஸ் தொடங்கியதே 1968-இல். பக்காரா மறுபடி இந்த வேலையில் இறங்கியது 1950-களில்தான், அந்தப் புதிய உருண்டைகளின் அடியில் அமிலத்தால் பொறித்த முத்திரை இருக்கும். பெர்த்ஷயர் போலப் பின்னால் வந்தவர்களை ஒரு வரியில் தள்ளிவிட முடிந்தது அப்பா அந்த வருடத்தைச் சரியாகச் சொல்லிவைத்ததால். எனவே கம்பெனியின் பெயர், அப்பாவின் பதவி, துரை கொடுத்த வருடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நீங்களும் அண்ணாவும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அலுவலகத்தில் எடுத்த பழைய குரூப் போட்டோ இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். நாளைக்கு யார் வாங்கினாலும் அந்தத் தாளுக்கும் ஒரு மதிப்பு உண்டு.

நேரில் பார்க்காமல் முடிவாகச் சான்று எழுத மாட்டேன். ஆனால் பந்தயம் கட்டு என்றால் பர்மிங்ஹாம் மேல் கட்டுவேன்.

கடைக்காரரும் மெருகும்

ஆக, மட்டன் ஸ்ட்ரீட்காரர் சொன்னது சரி. இரண்டு முறை உருட்டிப் பார்த்தே 'இங்கிலீஷ்' என்று சொன்னவர் கையில் எத்தனை குண்டு உருண்டிருக்குமோ! 12,000 என்பதும் அநியாய விலை இல்லை. அவர் வாங்கி விற்றுத் தானும் நாலு காசு பார்க்க வேண்டும். பேசினால் கொஞ்சம் ஏறும். லட்சம் ஏறாது. லட்சத்தில் பேசுவது நிஜமான பிரெஞ்சுப் பொற்காலச் சரக்கில் நல்ல மாதிரிகளுக்கு.

மெருகு போட வேண்டாம். சம்பந்தி அம்மாள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் கண்ணாடியை ஒரு படலம் சீவினால்தான் கீறல் போகும். சீவினால் மேல் வளைவின் உருவம் மாறிவிடும். அந்த வளைவுதான் உள்ளே இருக்கும் பூக்களைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ். மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்ப்பவருக்கு இந்தக் கனத்தில் பழக்கம் இருக்காது, தேய்க்கும் சூட்டில் பிளந்தாலும் பிளக்கும். கீறலை அப்படியே விட்டால் வாங்குபவர் தன் இஷ்டப்படி முடிவு செய்துகொள்வார். வெதுவெதுப்புக்கூட இல்லாத தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம், மெல்லிய துணி போதும்.

உங்கள் நாலாவது படம் எனக்குக் கவலை தந்தது. குண்டு ஜன்னல் கட்டையில் வெயிலில் இருக்கிறது, பக்கத்தில் திரைச்சீலை. பூக்களைப் பெரிதாக்கும் அதே லென்ஸ் சூரியனையும் குவிக்கும். இப்படித் துணியும் காகிதமும் பற்றிக்கொண்ட வீடுகள் உண்டு. காலி செய்கிற வீட்டில் அட்டைப்பெட்டிகள் வேறு குவிந்திருக்கும். இன்றைக்கே உள்ளே எடுத்து, ஒரு துண்டில் சுற்றி அலமாரியில் வையுங்கள்.

அண்ணா எடுத்துப் போகலாமா?

இங்கேதான் உங்களுக்கு நிஜமான ஆபத்து. 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, கலைவேலைப்பாடுள்ள பொருள் நூறு ஆண்டுக்குக் குறையாமல் பழையதாக இருந்தால் அது தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை சிறை, அபராதம் வேறு. அன்பளிப்பு, குடும்பச் சொத்து, சின்னச் சாமான் என்ற சமாதானம் எதுவும் அங்கே எடுபடாது.

உங்கள் குண்டு 1930-களில் செய்ததானால் நூறு ஆகவில்லை. 1920-களின் தொடக்கம் என்றால் நூறைத் தாண்டிவிட்டது. ஆனால் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பர்மிங்ஹாம் வரலாறு படித்துவிட்டு வந்திருக்கமாட்டார். டார்ச் அடித்தால் அவர் கண்ணில் படுவது 1848. நம்மிடம் பொய்யான அந்த எண், அவரிடம் மெய்யாகிவிடும்.

ஆகவே பெட்டியில் போட்டுப் போகும் யோசனையை அண்ணா கைவிட வேண்டும். எடுத்துப் போக வேண்டும் என்றால் 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் வாங்க வேண்டும். அவர்களுடைய மும்பை வட்ட அலுவலகம் சயான் கோட்டையில்தான் இருக்கிறது, உங்களுக்கு நடக்கும் தூரம் என்றே சொல்லலாம். படங்கள், அளவுகள், நீரில் எடுத்த அடர்த்தி, அப்பாவின் கதை எழுதிய தாள், ஒரு மதிப்பீட்டாளரின் குறிப்பு இவற்றோடு போய் நடைமுறையை விசாரியுங்கள். டிசம்பருக்கு முன்னால் முடிய வேண்டுமானால் இப்போதே ஆரம்பிப்பது நல்லது. நிபுணர் குழு 'தொல்பொருள்தான்' என்று சொல்லிவிட்டால் குண்டு இந்தியாவிலேயே இருக்கும், அண்ணா வரும்போதெல்லாம் பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டில் வைத்திருப்பது குற்றமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. சிற்பம், ஓவியம், சுவடி போன்று அறிவிக்கப்பட்ட சில வகைகளுக்குத்தான் பதிவு கட்டாயம். உள்நாட்டில் விற்பதற்கும் தடை இல்லை. தொல்பொருள் வியாபாரம் செய்பவருக்குத்தான் உரிமம் தேவை, தன் வீட்டுப் பொருள் ஒன்றை விற்பவருக்கு இல்லை.

விற்பதானால்

நான் வக்கீல் இல்லை. ஆனால் பாகப்பிரிவினைக்காகப் பல வீடுகளில் பட்டியல் எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உயில் இல்லாமல் போன அப்பாவின் சொத்தில், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அது வீட்டுக்கு மட்டுமில்லை, குண்டுக்கும்தான். அண்ணாவின் சம்மதத்தை எழுத்தில், ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது வாங்காமல் விற்காதீர்கள். 12,000 ரூபாய்க்காக அண்ணன் தங்கை பேச்சை நிறுத்திய வீடு எனக்குத் தெரியும். அங்கே சண்டைக்குக் காரணம் ஒரு பித்தளை வெற்றிலைச் செல்லம்.

என்னைக் கேட்டால், விற்க அவசரம் ஒன்றும் இல்லை. இதற்கு வாடகை கிடையாது, தீனி கிடையாது. புது வீடு கிடைக்கும்வரை வாடகை வீட்டில் அரை அடி அலமாரி போதும். விற்றே ஆக வேண்டும் என்றால் இன்னும் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள், 'பர்மிங்ஹாம், 20-ஆம் நூற்றாண்டு' என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். பக்காரா என்று சொல்லி விற்றுவிட்டால் பின்னால் வந்து கேட்பவருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு நாள் பேரனைக் கூட்டிக்கொண்டு சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். டாட்டா குடும்பத்தார் கொடுத்த சேகரிப்பில் வந்த ஐரோப்பிய அலங்காரப் பொருள்கள் அங்கே உண்டு. விலை சொல்லமாட்டார்கள், கண் பழகும். கண்டுபிடித்தவன் அவன்தானே.

தண்ணீரில் எடுத்த எண்ணையும், எண்களுக்கு நேர் மேலே பிடித்து எடுத்த ஒரு படத்தையும் அனுப்பிவையுங்கள். கூடவே ஒரு சின்ன வேலை: அப்பாவின் சர்வீஸ் சர்டிபிகேட்டோ பழைய சம்பளக் கவரோ கிடைத்தால், கம்பெனி ஆரம்பித்த வருடம் அதில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பாலார்டு எஸ்டேட்டே முதல் உலகப்போரை ஒட்டி எழும்பிய பேட்டை. அங்கே 1930-களில் கடைதிறந்த கம்பெனிகளும் உண்டு. உங்கள் அப்பாவுடைய கம்பெனியும் அப்படி ஒன்றாக இருந்தால், துரை அன்று சொன்னதில் பொய் இல்லை.